மணலில் நின்ற நீலப் புள்ளி

முப்பத்தோரு வருடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்தவன் நான். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஆறு நாள் பைக் பந்தயத்துக்குப் போகிறேன் என்று மகள் சொன்னபோது, போகாதே என்று சொல்லவில்லை. விதிப்புத்தகத்தைக் கொடு என்றேன். எழுபது பக்கம். நான் இரண்டு முறை படித்தேன். அவள் ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில்தான் பழகினாள். அங்கே தொலைந்தால் எப்படியும் ஒரு பனையேறி தென்படுவார். பாலைவனத்தில் அந்த வசதி கிடையாது. சுருட்டி வைத்த காகிதத்தில் உள்ள வழிக்குறிகளைப் பார்த்து, கிலோமீட்டரைக் கணக்கிட்டு, ஓட்டுபவரே திசை கண்டுபிடிக்க வேண்டும். கைபேசி பையில் இருக்கலாம், ஆபத்துக்கு மட்டும். வெளியிலிருந்து யாராவது வழி சொன்னால் நீக்கம்.

மூன்றாம் நாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மேலப்பாளையத்தில், அவள் பைக்கைப் பிரித்துக் கோத்த மெக்கானிக் பாயின் பட்டறைக்குப் போனேன். ஒவ்வொரு பைக்கும் எங்கே போகிறது என்று கைபேசி வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். அவளுடையது நீலம். மற்ற புள்ளிகள் வடக்கே போக, நீலம் மட்டும் மேற்கே திரும்பியது.

“சார், பாப்பா தப்பால்லா போகுது! ஒரு போனப் போடுங்க.”

“வழி சொன்னா பந்தயத்தை விட்டே அனுப்பிருவான் பாய்.”

“அங்கன மூணு லிட்டர் தண்ணிய வச்சிக்கிட்டு சுத்துது. நீங்க இங்கன சட்டம் பேசுதீகளே!” அவரே கைபேசியை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வையும்வே கீழ!”

அப்போது புள்ளி நின்றது.

பழைய டயர்மேல் உட்கார்ந்தேன், எழுந்தேன். தெருவுக்குப் போய் டீ வாங்கினேன், குடிக்காமல் திரும்பினேன். புள்ளி அங்கேயே நின்றது. பன்னிரண்டு நிமிடம். நலம் விசாரிப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. பந்தயக் கட்டுப்பாட்டு அறையை அழைத்து, போட்டியாளர் எண், பெயர், தந்தை பெயர், இரத்தவகை என்று வரிசையாகச் சொன்னேன். முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள் என்று எதிர்முனை ஆங்கிலத்தில் இடைமறித்தது.

“ரேஷன் கார்டு நம்பரையும் சொல்லிருங்க சார்,” என்றார் பாய்.

விசாரித்துச் சொன்னார்கள். அவள் வழி தவறவில்லை. மணல்மேட்டில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்த இன்னொரு போட்டியாளரைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறாள். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. மருத்துவ வண்டி வரும்வரை அவனோடு இருக்கிறாள்.

நிம்மதி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. உதவியில் போன நேரத்தைத் திருப்பித் தருவார்கள்தான். ஆனால் முகாமுக்கு வந்த அரை மணிக்குள், நின்ற நேரமும் கிளம்பிய நேரமும் குறித்து எழுதிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த நேரமும் சேர்ந்து அன்றைய கெடு தாண்டிவிடும். பந்தயம் அத்துடன் முடிந்தது. அவளோ கூரியர் உறையில்கூட முகவரியை என்னிடம் எழுதச் சொல்பவள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

“எழுதிக் கொடுத்தியாம்மா?”

“கொடுத்துட்டேன்ப்பா. நேரம் மட்டும் உத்தேசமாப் போட்டிருக்கேன். அவன் என் கையப் பிடிச்சுக்கிட்டே கெடந்தான். எங்க வாட்சப் பாக்க?”

உத்தேசம். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

“அது போதும்மா. சாப்பிடு,” என்றேன். அங்கேயும் மேசைக்குப் பின்னால் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை பட்டறை திறக்குமுன்பே போய் நின்றேன். பாய் ஷட்டரைத் தூக்காமல் கைபேசியை நீட்டினார். நீலப் புள்ளி மற்றவற்றோடு போய்க்கொண்டிருந்தது.