என் முழங்கால் எலும்பின் வாகு

என் வலது முழங்கால் கபடியில்தான் போனது. ஆனால் யாரும் என்னைப் பிடித்து இழுத்து அது போகவில்லை. அதுதான் பெரிய வினையாகிவிட்டது. பாடிப் போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் பின்னால் துள்ளினேன். ஒற்றைக் காலில் இறங்கி, அதே வேகத்தில் நடுக்கோட்டுப் பக்கம் திரும்பினேன். முட்டிக்குள் ஏதோ டக்கென்று தெறித்தது. அப்படியே சரிந்துவிட்டேன். என் பக்கத்தில் ஓர் ஆள் கிடையாது.

யாராவது மேலே விழுந்திருந்தால் ஊர் அவளைத் திட்டியிருக்கும். யாருமே தொடாமல் கால் போனதால் திட்டு முழுக்க எனக்கே வந்து சேர்ந்தது. அரைக்கால் டவுசர் போட்டேன், அதனால் போச்சு. ஆம்பிளைப் பிள்ளை மாதிரி குதித்தேன், அதனால் போச்சு. கண்ணுபட்டுப் போச்சு என்று சொன்ன ஒருத்தர்தான் கொஞ்சம் நல்லவர். அப்போது நான் கல்லூரியில் முதல் வருஷம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. எனக்கு அந்த அணியில் நிற்க வேண்டும். வேறு எதுவும் அப்போது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எங்களுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். எங்கள் பக்கத்தில் கை கால் அடிபட்டால் முதலில் நாட்டுக் கட்டுத்தான். எலும்பு முறிவுக்குக் கட்டுகிற வைத்தியர் ஒருத்தர் இருந்தார். கேரளாவிலிருந்துகூட ஜீப் பிடித்து அவரிடம் வருவார்கள். முறிந்த எலும்பைச் சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கமாட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால்தான் இறக்கினார். அவர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு வெலகிருக்கு" என்றார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, இடுப்புக்குக் கீழே விறைக்கக் கட்டிவிட்டார். கட்டை மாற்றி மாற்றிப் போட்டதில் வீக்கம் வடிந்தது. கூடவே என் தொடையும் வடிந்துபோனது. இரண்டு காலையும் சேர்த்து நீட்டினால் ஒன்று எனது, இன்னொன்று யாருடையதோ என்று இருக்கும்.

"சரியாப் போச்சு, இனி ஓடலாம் ஆத்தா" என்று வைத்தியர் சொன்னார். நான் ஓடவே இல்லை. தோட்டத்தில் குலை வெட்டுகிற நாளில், கூடையோடு வாய்க்காலைத் தாண்டினேன். முட்டி பொசுக்கென்று நழுவிக் கூடையும் நானும் சேற்றில் கிடந்தோம். சிதறிக் கிடந்த திராட்சையைப் பார்த்து அப்பா கத்தினார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன், "மதுரைக்குக் கூட்டிட்டுப் போறீகளா, இல்ல நானே பஸ் ஏறவா?"

மதுரையில் எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு முழுக்க அறுந்துவிட்டது என்றார். எலும்பு எங்கேயும் விலகவில்லையாம், அதனால் கட்டுப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு படத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"தொடை எலும்போட அடியில ஒரு குழி இருக்கு பாரும்மா. ஜவ்வு அதுக்குள்ளதான் இருக்கணும். நிறைய பேருக்கு அகலமா இருக்கும், உனக்குக் குறுகல். முட்டி திரும்பறப்போ எலும்பு விளிம்பு ஜவ்வை நெருக்கும். அப்புறம் கீழ்க்கால் எலும்போட மேல்தளம். எல்லாருக்கும் கொஞ்சம் பின்பக்கம் சரிஞ்சுதான் இருக்கும், உனக்குச் சரிவு ஜாஸ்தி. நீ குதிச்சு இறங்கினா கீழெலும்பு முன்னால வழுக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்கிற வேலை ஜவ்வுக்கு. அதான் யாரும் தொடாமலே அறுந்திருக்கு."

யாரும் தொடாமலே! அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேசையில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையை வைத்திருக்கலாம் என்று இருந்தது. தொடையின் பின்பக்கத்து நாரை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்தலாம், குறுகலான குழியின் விளிம்பைக் கொஞ்சம் செதுக்கி இடம் பண்ணலாம் என்றார். சரிவை மாற்ற எலும்பையே வெட்ட வேண்டும். அது பெரிய காரியம், உனக்கு இப்போது வேண்டாம், அதற்குப் பதிலாகப் பின்தொடைச் சதையைப் பலப்படுத்து, கீழெலும்பு முன்னால் போகாமல் அது பிடித்துக்கொள்ளும் என்றார். மறுபடி அறாது என்று சத்தியம் பண்ணமாட்டேன், இடது காலும் இதே வாகுதான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

இவ்வளவையும் கேட்ட அப்பாவுக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் ஏறியது. மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார், "பிள்ளைக்கு எலும்புலயே கோளாறாம்ப்பா, பெரிய டாக்டரே சொல்லிட்டாக." கம்பம் பஸ் போய்த் திரும்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் மகனுக்குத்தான் நான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை.

"கோணக் காலுன்னு தெரிஞ்சு போச்சு. இனியாவது ஆட்டத்த மூட்ட கட்டுங்க. ஆபரேசனும் வேணாம் ஒண்ணும் வேணாம், அடங்கி வீட்டுல இருந்தா அந்தக் காலு போதும்" என்றாள். அம்மா பக்கம் திரும்பி, "எல்லாம் ஆத்தாகிட்ட இருந்து வந்ததுதான. உக்காந்து திங்கிற காலு" என்று ஒரு குத்துக் குத்தினாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தலுக்குக் கீழே எல்லாப் பொம்பளைகளும் வேலை பார்க்கும்போது அம்மா மட்டும் அடிக்கடி வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். முட்டி அவளுக்கு விட்டுவிட்டு நழுவும். நழுவுகிறது என்று சொன்னால் யார் கேட்டார்கள்? வெளியில் ஒரு காயம் கிடையாது, வீக்கம் கிடையாது. சோம்பேறி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் நான் பிறக்கும் முன்னாலேயே அவளுக்கு இருந்தது.

அடுத்த முறை மதுரைக்கு அப்பா வரவில்லை. மாத்திரையில் தீருமா என்று மட்டும் கேட்டு வா என்று அம்மாவை அனுப்பினார். டாக்டர் அறையில் அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவர் பார்த்துவிட்டார். படுக்கச் சொன்னார். அம்மா கூச்சப்பட்டுப் படுத்தாள். முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். அது சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கும் அறுந்திருக்கும்மா. எப்போ விழுந்தீங்க?"

"கல்யாணமான புதுசுல சார். வாய்க்காலத் தாண்டுறப்ப. அது கெடக்கட்டும், இவளப் பாருங்க."

அவர் விடவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, அம்மா படத்தையும் என் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். அதே குறுகல். அதே சரிவு. "ஒரே வாகு" என்றார். ரொம்ப வருஷம் ஆகிவிட்டதால் ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் நழுவுவது குறையும் என்றும் சொன்னார்.

அம்மா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப நான் சோம்பேறி இல்லயா சார்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா அழவில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "எம்மகளுக்கு ஆபரேசன் பண்ணிருங்க. என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். மாத்திரையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

வீட்டில் அன்றைக்கு நடந்ததுதான் சண்டை. அத்தையும் இருந்தாள். வேண்டாமென்று அவள் தொடங்கியதும் அம்மா எழுந்து நின்றாள். "யாரு மதினி சோம்பேறி? அறுந்த காலோட இத்தன வருசமா ஒங்க தம்பி தோட்டத்துல கொல வெட்டிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க வெட்டிப் பாருங்க. எங்காலுக்கு ஆளில்லாமப் போச்சு, எம்மக காலுக்கு நான் இருக்கேன்." அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்தது. நான் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. டாக்டர் என் எலும்பின் வாகைப் பார்த்தது எங்கே செதுக்குவது, எந்தச் சதையைப் பலப்படுத்துவது என்று தெரிந்துகொள்ள. ஊர் அதே வாகைப் பார்த்தது என்னை எங்கே உட்காரவைப்பது என்று முடிவு பண்ண. குழி குறுகலாகப் பிறந்தது என் குற்றமா? மூக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, அதற்காக மூச்சு விடாதே என்றா சொல்கிறோம்?

ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோலை விட்டு, மணல் மூட்டை கட்டிக் காலை மடக்குகிற கட்டம் வந்தது. குப்புறப் படுத்துக் குதிகாலைப் பின்னால் தூக்க வேண்டும். அம்மாவும் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டாள். அடுப்பில் உலை கொதிக்கும், நாங்கள் இரண்டு பேரும் குப்புறக் கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருப்போம். "வீடா இது, ஆஸ்பத்திரியா?" என்று அப்பா எங்களைச் சுற்றிச் சுற்றிப் போவார். ஆனால் மணல் குறைந்தால் அவரேதான் சலித்துக் கொண்டுவந்து போட்டார். துள்ளினால் இரண்டு காலிலும் முட்டியை மடக்கி இறங்க வேண்டும், விறைத்த காலில் இறங்கித் திரும்பக் கூடாது என்று பழகினேன். சின்னப் பிள்ளை நடை பழகுகிற மாதிரி அதைத் திரும்பத் திரும்பப் பழகினேன். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பது ஒரு தடவை நான் இல்லாமலே நடந்து முடிந்தது. அடுத்த தடவைக்குத்தான் டாக்டர் தலையாட்டினார்.

அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வந்த ஆட்டம் வருசநாட்டுப் பக்கம் கடமலைக்குண்டில் நடந்தது. நான் பாடிப் போக நடுக்கோட்டுக்கு வந்தபோது எதிர் அணித் தலைவி தன் ஆட்களிடம் சொன்னது எனக்கே கேட்டது. "வலது காலப் பிடிங்கடி. அதுல எலும்பே சரியில்லயாம், அவுக அப்பாவே சொல்லிருக்காரு." டீக்கடைப் பேச்சு மலையைச் சுற்றி வருசநாடு வரைக்கும் வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ரத்தமும் கொதித்தது.

கபடி கபடி என்று உள்ளே போனேன். இடது காலை முன்னால் வைத்து, வலதை ஒளித்து ஆடுவேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். நான் வலது காலை நீட்டினேன். இந்தா, பிடி. ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி பாய்ந்து தொடையைக் கட்டினாள். அது தாங்குமா, தெறிக்குமா என்று எனக்கும் தெரியாது, பயமாகத்தான் இருந்தது. முட்டியை மடக்கி, பின்தொடையை இறுக்கி, இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தேன். கயிற்றுக்கு வெளியே அம்மா எழுந்து நின்று, "விடாத ஆத்தா, இழு!" என்று கத்துவது கேட்டது. மூச்சு முடியப் போகிற நேரத்தில் விழுந்து கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டேன்.

விசில் ஊதினார்கள். அந்த இரண்டு பேரும் இன்னும் என் காலை விடவில்லை. கால் அப்படியே இருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்த தடவையும் நானே போகிறேன் என்றேன்.