ஒரே வீட்டில் ஒன்பது பேர்

எங்கள் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கும் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. புதுச் சேலை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, உனக்கு எடுபடவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இரண்டு வருடம் கூசாமல் பொய் எழுதினார். பக்கத்து ஜன்னலில் மருந்து கொடுக்கும் நான் அதற்குச் சாட்சி.

எங்கள் ஊரில் இதயம் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க மெஷின் உண்டு. சரிசெய்ய ஆள் கிடையாது. ஆபரேஷனுக்கு ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் போய்த் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பேர் பதிய வேண்டும். அங்கே இரண்டு வரிசை. அந்த நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள். வெளியூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நாள். இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அக்காவின் தங்கை அந்த நகரத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். நோயாளிகளின் மனுவில் முகவரி என்ற இடத்தில் அக்கா தங்கை வீட்டு முகவரியை எழுத ஆரம்பித்தார். மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்று எச்சரித்தேன். "கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம், உயிருக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். எல்லாவற்றையும் தன் அழகான கையெழுத்திலேயே, கதவு எண்கூடப் பிசகாமல் எழுதினார். அதுதான் அவர் செய்த தப்பு. ஆளாளுக்கு ஒரு விதமாகக் கிறுக்கியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஏழு பேர் பிழைத்து வந்தார்கள். எட்டாவதாகப் பதிந்தது ஒரு தையல்கார அம்மா. முப்பத்தாறு வயது, மிதிக்கிற மிஷினுக்கு மோட்டார் வைத்த பிறகும் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதாவதாக அக்காவின் கணவர்; வெல்டர், அவருக்கும் இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. அவருக்கும் அதே கதவு எண்ணைத்தான் அக்கா எழுதினார்.

ஒரு நாள் மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரி குமாஸ்தாவிடமிருந்து அக்காவுக்கு ஃபோன் வந்தது. கையெல்லாம் இ.சி.ஜி.க்குத் தடவும் ஜெல்லாக இருந்ததால் அக்கா என்னிடம் ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். ஒரே வீட்டில் ஒன்பது பேருக்கு வால்வு போயிருக்கிறதே, அது வீடா வார்டா என்று கேட்டார் குமாஸ்தா. குரலில் கோபம் இல்லை. மேலதிகாரிக்கு எழுதினால் இன்னும் ஆபரேஷன் ஆகாத இரண்டு பேரும் அடிபடுவார்கள், உங்கள் வேலையும் போகும். நானும் வெளியூரிலிருந்து வந்தவன்தான், எழுத மாட்டேன் என்றார்.

"ஆனா ரெண்டு பேரையும் உள்ளூர் வரிசையில விட முடியாது. நிஜமா உங்க சொந்தக்காரங்க யாருன்னு சொல்லுங்க, அவங்க பேரை மட்டும் விட்டுடறேன். இன்னொண்ணை வெளியூர் வரிசைக்கு மாத்தித்தான் ஆகணும்."

இருவருக்கும் இ.சி.ஜி. எடுத்தவர் அக்கா. யாருக்கு அவசரம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கையிலிருந்த ஜெல்லைத் துடைத்தார். பிறகு கணவரின் பேரைச் சொன்னார்.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். அதைச் சொன்னவன் இப்படி ஒரு ஃபோனை எடுத்திருக்க மாட்டான். என்னைக் கேட்டிருந்தால் நானும் என் வீட்டுப் பேரைத்தான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். அக்கா காதில் வாங்கவில்லை.

வெல்டருக்கு அடுத்த மாதமே வால்வு மாற்றினார்கள். தையல்கார அம்மாவுக்கு எட்டு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். ஐந்தாவது மாதம் அவர் இறந்துபோனார்.

சில வாரம் கழித்து அவருடைய கணவர், மீந்துபோன மாத்திரைகளோடு என் ஜன்னலுக்கு வந்தார். வேறு யாருக்காவது ஆகுமே என்றார். அக்காவைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"நீங்க எவ்வளவோ பண்ணீங்கம்மா. எங்களுக்குத்தான் கொடுப்பினை இல்ல."

அந்த வார்த்தையை அக்காவால் தாங்க முடியவில்லை. ஃபோன் வந்ததையும் குமாஸ்தா கேட்டதையும் தான் சொன்ன பேரையும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னார்.

"அவங்களுக்குத்தான் அவசரம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் அக்காவை அடித்துவிடுவாரோ என்று நான் வெளியே ஓடி வந்தேன்.

"உங்க வீட்டுக்காரரு இப்ப நல்லா இருக்காரா?" என்று அக்காவைக் கேட்டார் அவர்.

"வேலைக்குப் போறாரு" என்றார் அக்கா.