நான் போட்ட சிரிப்பு

தட்டாஞ்சாவடியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் செல்வி, சிக்னலில் ஒரு பெரியவரைக் கண்டபடி திட்டியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஊரே அவளைக் காறித் துப்பியது. எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலும் அது வந்தது. எல்லோரும் கேலி செய்ய, நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மதியம், "எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க" என்று குரூப்பில் எழுதிவிட்டு வெளியேறினாள். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஆட்டோ பிடித்து நெல்லித்தோப்பில் அவள் வீட்டுக்கு ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"செல்வி, கலாக்கா வந்திருக்கேன், தொறடி!"

அழுதுகொண்டே தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தபோதுதான் தாழ்ப்பாள் விலகியது.

முகம் வீங்கிப்போய் நின்றாள். "நான் திட்டுனது தப்புதான். அதுக்கு என் பொண்ணப் பத்திக்கூட அசிங்கமா எழுதுறாங்க. நீயும் சிரிச்சியேக்கா."

"மன்னிச்சிடுடி." அவள் தங்கை வந்து சேரும்வரை கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போதெல்லாம் யாரையாவது இப்படிக் கிழித்தால், "தப்பே செஞ்சிருந்தாலும் அவங்களும் மனுஷங்கதான், விட்டுருங்க" என்று எழுதுகிறேன். என்னையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். திட்டட்டும். மாட்டிக்கொண்டவர் தெரிந்தவர் என்றால் உடனே போன் செய்து, "சாப்டீங்களா?" என்று கேட்கிறேன்.

- கலா, புதுச்சேரி