செசிலியா அக்கா வேண்டாம் என்ற டீ

திங்கட்கிழமை காலை நானும் என் மனைவி சரசுவும் பசியாறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செசிலியா அக்காவின் தம்பி மகன் அந்தோணி பேசினார். "அங்கிள், அத்தை போயிட்டாங்க. காலையில கதவத் தட்டுனேன், எழும்பல. தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு டாக்டர் சொல்றாரு."

அந்த நேரத்தில் ஒரு மனிதன் கேட்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. நான் கேட்டது, "அக்கா வரைஞ்சிட்டிருந்த படம் முடிஞ்சிருச்சா?" என்று. "தெரியல அங்கிள்," என்று சொல்லி அந்தோணி வைத்துவிட்டார். சரசு கையிலிருந்த தோசையைத் தட்டில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுதினால் அது வேறு யாரையோ பற்றிய கட்டுரையாகிவிடும். அவரோடு பழகிய யாருக்கும் முதலில் எரிச்சல் வரும், அழுகை அதற்குப் பிறகுதான் வரும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவு நாளில் படம் வரைவார். நான் அதே இடத்தில் ஸ்டோர் பார்த்தேன். அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே ஒரு புகார்தான். அட்டைப்பெட்டிகள் லாரியில் வந்து இறங்கிய நாள். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தார்.

"தம்பி, இது போன மாசத்துப் பச்சை இல்ல."

பழைய பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் பச்சை, இதுவும் பச்சை. "ரெண்டும் ஒண்ணுதானே லா அக்கா," என்றேன்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணு. திருப்பி அனுப்புங்க."

லாரியைத் திருப்பி அனுப்ப வைத்துவிட்டுத்தான் போனார். மறுவாரம் பெட்டிக்காரர் வந்து, மை மாறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். அக்கா சொன்னது சரியாகப் போனதில் என் எரிச்சல் இரண்டு மடங்கானது.

நானும் பொழுதுபோக்காக வர்ணம் தீட்டுவேன் என்று ஒருநாள் கேன்டீனில் வாயை விட்டேன். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, நல்ல சேலையும் மடக்கு நாற்காலியுமாக அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காக அடுத்த பதினேழு வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின.

அவருடைய முறை இதுதான். வெளியே போனால் சின்ன அட்டைகளில் நீர்வண்ணத்தில் விறுவிறுவென்று தீட்டுவார். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார். வீட்டுக்கு வந்து, கார் இல்லாத தன் கார் போர்ச்சில், அந்த அட்டைகளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் பெரிய படம் தொடங்குவார். தொடங்குவார் என்று மட்டும்தான் நான் சொல்லமுடியும். ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போகவேண்டும். கேட்டால் ஒரே பதில். "ஒரு தரம் பாத்தது ஞாபகம் தம்பி. ரெண்டாம் தரம் பாத்தாத்தான் நிறம்."

கோலா கெத்தில் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். நிழல் பார்த்து என் சிவப்புக் காரை நிறுத்தினேன். "காடிய எடுங்க. செவப்பு இலைல எல்லாம் அடிக்குது," என்றார். எடுத்து வெயிலில் விட்டேன். தோட்டத்துக் காவலர் மோட்டார் சைக்கிளில் வந்து, என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் அதட்டினார். நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போலும். நான் வேர்த்துப்போய் என் அடையாள அட்டையான ஐசியைத் தேடினேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லுக்கிஸ் போக்கோக், என்சிக். கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார், மரம் வரைகிறேன் ஐயா என்ற மலாய் பாதியும் தமிழ் பாதியுமாக. அந்த மனிதர் தள்ளி நின்றார். அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். வெயிலில் காய்ந்த ஸ்டியரிங்கைக் கைக்குட்டை சுற்றிப் பிடித்துக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்தேன்.

கரங்கானில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு பெண் வேலையை முடித்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். அக்கா அட்டையை எடுத்தார். அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டார். உதவுகிறேன் என்று நான் ஓடிப்போய், "யக்கா, முன்னாடி மாதிரியே கொஞ்சம் உட்காருங்களேன்," என்றேன். அவர் தலைமுடியை ஒதுக்கி, சட்டையை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்தார். அக்கா பெட்டியை மூடிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சுங்கைப் பட்டாணி வந்து இறங்கும்போதுதான் பேசினார். "இப்படி இரு, அப்படி இருன்னு சொன்னா உடம்பு பொய் சொல்லும். மரத்துக்கிட்ட சொல்றமா? இனிமே நான் வரையற யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க." நானும் அதற்குப் பிறகு திறக்கவில்லை. அந்தப் படம் அத்தோடு போயிற்று.

ஒரே ஒரு கண்காட்சி நடந்தது. ஒரு நூலகத்து மண்டபத்தில் நான் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தது. காலையில் மாட்டினோம். மத்தியானம் போய்ப் பார்த்தால் மூன்று படங்களைக் காணோம். மண்டபத்து விளக்கில் பச்சை சீக்குப் பிடித்துத் தெரிகிறது என்று அக்காவே கழற்றி, ஒரு டாக்சி பிடித்து, வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். அழைப்பிதழில் போட்டிருந்ததே அந்த மூன்றில் ஒன்றுதான்.

இனி சரசுவின் தோட்டம்.

சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் சரசு செய்து வைத்திருப்பதைத் தோட்டம் என்பதா, சாமான் கிடங்கு என்பதா என்று எனக்குத் தெரியாது. பெயிண்ட் வாளியில் மல்லிகை, உடைந்த சலவை இயந்திரத்தில் வாசனைக்குப் போடும் பாண்டான் செடி, அவரைக் கொடிக்கு என் பழைய சைக்கிள் சக்கரம். நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. இந்த வருஷக் கடைசியில் நாங்கள் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் பினாங்கில் மகளோடு போய் இருக்கவேண்டும். என் முழங்கால் அப்படி. மகள் வீடு பதினோராவது மாடி. ஒன்றரை வருஷத்துக்கு முன் இது முடிவானபோது சரசு அழவில்லை. அக்காவிடம் போய், "தூக்கிட்டுப் போக முடியாது. நீங்க வரைஞ்சு குடுங்கக்கா," என்று மட்டும் கேட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா உடனே சரி என்றார். வந்தார். மறுபடி வந்தார். மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே நாடகம். அக்கா அவரைப்பந்தல் பக்கம் நாற்காலியை விரிப்பார். "டீ வேணாம் சரசு. நீ உன் வேலையப் பாரு." எங்கள் வீடுகளில் வேண்டாம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தாவது நிமிஷம் முக்காலியில் டீ இருக்கும். பிறகு வடை, பிறகு கேசரி. இடையில் விசிறி. அக்கா ஆறிப்போன டீயில் தூரிகையை முக்கிக் கழுவுவார். சரசு அதைக் கொட்டிவிட்டு வேறு டீ போட உள்ளே ஓடுவாள். அக்கா பெருமூச்சு விட்டுப் பெட்டியை மூடுவார். "இன்னைக்கும் ஆகல தம்பி."

"என்னதான் ஆகல?" என்று நான் கத்தியே கேட்டிருக்கிறேன். "செடி இருக்கு. வாளி இருக்கு. வெயில் இருக்கு. வேற என்ன வேணும்?"

"வரும்."

போன மாதம் பொறுமை போய், "நாங்க பினாங்கு போனப்புறம் வருமா?" என்று கேட்டுவிட்டேன். அதுதான் நான் அவரிடம் பேசிய கடைசிக் கோபம். கடைசிப் பேச்சும் அதுவே.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தோணி கூப்பிட்டார். போனேன். அக்கா வீட்டுக் கார் போர்ச்சில் பெரிய படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. இரண்டு பேருமாகத் திருப்பினோம். எங்கள் தோட்டம் அப்படியே இருந்தது. சலவை இயந்திரத்தின் துரு, வாளியில் நான் சிந்திய சிமெண்ட், காலை ஒன்பது மணி வெயில். எல்லாம் முடிந்திருந்தது. நீல நாற்காலியும் முடிந்திருந்தது. அந்த நாற்காலியில் மட்டும், ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு, வர்ணமே படாத வெறும் கான்வாஸ் துணி.

பக்கத்தில் அட்டைகள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தன. இருபத்தாறு. ஓரத்துக் குறிப்புகளைப் படித்தேன். "உட்காரல. டீ." அடுத்தது, "உட்காரல. டீ, வடை." அதற்கடுத்தது, "உட்காரப் போனா. நான் இருமினேன். தண்ணி கொண்டுவரப் போயிட்டா." இப்படியே இருபத்தைந்து. அடியில் இருந்த முதல் அட்டையில் வர்ணம் இல்லை. நாலைந்து பென்சில் கோடுகள். நாற்காலியில் ஒரு பெண், கவிழ்த்த வாளியில் ஒரு கால், கையில் தண்ணீர்க் குழாய், தலை ஒரு பக்கம் சாய்ந்து எதையும் பார்க்காமல். ஓரத்தில், "டாக்சி பிடிச்சு, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேன். வேலிக்கு வெளியே நின்னு பாத்தேன். இதுதான் படம். ரெண்டாம் தரம் பாக்கணும்."

இருபத்தைந்து தடவை அந்த மனுஷி காத்திருந்தது, சரசு ஒரு தடவை தன்னை மறந்து உட்காருவதற்காக. உட்காரச் சொன்னால் உடம்பு பொய் சொல்லும். விருந்தாளி வந்து வேலை செய்யும்போது சரசு உட்காரமாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் தெரியாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது நான். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று பயந்திருப்பார். அதுவும் நியாயம்தான்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அட்டைகளைச் சரசுவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்காந்திருப்பேனே. வயசானவங்க, வெயில்ல கிடக்குறாங்களேன்னுதானே நான் ஓடுனேன்," என்று சொல்லி அழுதாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. நானும் அழுதேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளே போய் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க வரையுங்க. அந்த இடத்துல வச்சிருங்க," என்றாள். நான் அக்காவின் பெட்டியைத் திறந்தேன். வாளியில் கால், கையில் குழாய், எல்லாம் சரி. ஆனால் ஐசி படத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி விறைத்துப்போய் இருந்தாள். அரைமணி நேரத்தில் மூன்று அட்டை கெட்டுப்போனது. என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "இருங்க, வரேன்," என்று எழுந்து உள்ளே போனாள். வந்து முக்காலியில் டீயை வைத்தாள். நான் எரிச்சலில் கவனிக்காமல் தூரிகையை அதில் முக்கிவிட்டேன்.

சரசு டீயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் பெட்டியை அவளே மூடினாள்.

"விடுங்க. அந்த எடம் அப்படியே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா, சரசு உள்ள அக்காவுக்கு டீ போட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க."

படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் எங்களோடு பதினோராவது மாடிக்கு வருகிறது. கேட்கிறவர்களுக்கு நான் அப்படியேதான் பதில் சொல்லப்போகிறேன்.

போய்வாருங்கள் அக்கா. உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, இனித் தீரவும் வழியில்லை. போன இடத்திலும் டீ வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பீர்கள். அங்கே இருப்பவர்களும் நம் ஆட்கள் என்றால் கேட்கமாட்டார்கள். இங்கே ஒருத்தி உங்களுக்காக உள்ளே போயிருக்கிறாள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.