கொரால்லோ கசெற்றில் கோபாலசிங்கத்தின் குரல்

பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் ஒரு கார் கராஜ்தான் கொரால்லோ கசெற் கம்பனி. தொண்ணூற்று நான்கில் மிஷேல் அதைத் தொடங்கினான். மொரீசியஸ்காரன். பூட்டன் வழியில் தமிழன் என்றாலும் தமிழில் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். படப்பாட்டுக் கசெற் லண்டன் வழியாகப் பலெர்மோவுக்கு வந்து சேர மாதக்கணக்கு ஆகும், விலையும் கொள்ளை. ஒரேயொரு பிரதியை அவசரமாக வரவழைத்து, அந்தப் பாட்டுகளை இங்குள்ளவர்களைக் கொண்டே பாடவைத்து, பாதி விலைக்கு விற்றான் அவன். கபோ சந்தையில், ஒலிவ் காய்க்காரனுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. தீபாவளிக் கிழமையில் மேசை காலியாகிவிடும்.

பாடியவர்கள் எல்லோரும் வீட்டு வேலை, சமையலறை வேலை செய்தவர்கள். வீட்டு எசமானிகளான சின்யோராக்கள் வியாழன் பின்னேரம்தான் விடுவார்கள் என்பதால் கொரால்லோவின் பாட்டெல்லாம் வியாழன் பின்னேரப் பாட்டு. மிஷேல் கீபோர்ட் வாசிப்பான். மூலப் பாட்டைப் போட்டுக்காட்டி, மூச்சு விடும் இடம்கூட மாறக்கூடாது என்பான். அட்டையில் பாடியவர் பெயர் இருக்காது. படத்தின் பெயரும் "அதே பாட்டு, அதே குரல்" என்ற வரியும் மட்டும். ஆண் குரலுக்குக் கோபாலசிங்கமும் வலன்ரைனும். பெண் குரலுக்குக் கோபாலசிங்கத்தின் மனைவி அம்பிகை.

நகரத்துக்கு வெளியே கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சட்டி கழுவினான் கோபாலசிங்கம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் பாட்டுத்தான்.

"ஒருக்கால் உங்கட சொந்தக் குரலிலை பாடினால் என்ன?" என்று ஒருநாள் அம்பிகை கேட்டாள்.

"என்ர குரலை ஆரப்பா வாங்குறது? நேற்றுச் சந்தையிலை ஒருத்தன் இது ஒரிஜினல்தான் எண்டு சண்டை பிடிச்சவன். நான் பக்கத்திலை நிண்டு தக்காளி வாங்கிக்கொண்டிருந்தனான்."

அதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்கு இல்லை. அம்பிகைக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்று சித்திரையில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு அடைத்து அவன் இறந்துபோனான். மகள் சிவானுஜாவுக்கு அப்போது இரண்டு வயது. முப்பத்தோராம் நாள் முடிந்ததும், வீட்டில் இருந்த கசெற்றுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு யாரிடமோ கொடுத்துவிட்டாள் அம்பிகை. பாட்டுச் சத்தமே கேட்கக்கூடாது என்றிருந்த காலம் அது.

சிவானுஜா வளர்ந்தாள். படித்துப் பட்டம் எடுத்தாள். அப்பாவின் முகம் அவளுக்குப் படங்களில் இருந்தது, குரல்தான் இல்லை. அப்பா அம்மாவின் கலியாண வீடியோவிலும் வீடியோக்காரன் கதை பேச்சை எல்லாம் எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தான். அவள் பலமுறை கேட்டாள். "அப்பா எப்பிடிக் கதைப்பார்?" அம்பிகை ஏதோ சொல்லிப் பார்ப்பாள். குரலைச் சொல்லிக் காட்ட முடியுமா?

இந்த வருடம் மாசியில் மிஷேலின் மனைவி ஜெரால்டின் ரெலிபோன் எடுத்தாள். மிஷேல் செத்து ஒரு வருடமாகிறது, கராஜை ஒதுக்குகிறாள், ஒரு பெட்டி கசெற் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள்.

சிவானுஜா பழைய கசெற் பிளேயர் ஒன்றை எங்கோ தேடிப்பிடித்துக்கொண்டு வந்தாள். ஞாயிறு பகல் முழுக்கத் தாயும் மகளும் குசினி மேசையில் கேட்டார்கள். முதற்பாட்டில் ஆண் குரல் எழுந்ததும் அம்பிகை பிளேயரைக் கிட்ட இழுத்தாள்.

"இது அப்பாவோ?"

"ஓம்," என்றாள் அம்பிகை. அடுத்த பாட்டு வந்தது. அதுவும் அதே குரல். அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்று அவன் என்றால் மற்றது வலன்ரைன். எது எது? அவள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். மூச்சு, இழுப்பு, சிரிப்பு எல்லாமே சென்னையில் பாடிய அந்தப் பெரிய பாடகருடையவை. தன் குரலைக்கூட அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியேல்லை பிள்ளை."

"அம்மா, ஒன்பது வருசம் அவரோடை இருந்தனீங்கள்."

சிவானுஜா வேண்டுமென்று குத்தவில்லை. ஆனால் அம்பிகை எழுந்து போய்ச் சும்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பின்னேரம் வலன்ரைனை வரச்சொன்னார்கள். மூட்டு வருத்தத்தோடு மூன்று மாடி ஏறி வந்தான். நாலைந்து பாட்டுக் கேட்டான். தலையைச் சொறிந்தான்.

"நாங்கள் ரெண்டு பேரும் விசர் மாதிரிப் போட்டிக்குப் பாடினனாங்கள். எனக்கே என்னைத் தெரியேல்லை அக்கா."

சிவானுஜா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுது வீங்கிய கண். "ஒண்டையாவது சொல்லுங்கோ, மாமா."

வலன்ரைன் பெட்டியைக் கிளறி ஒரு கசெற்றை எடுத்துப் போட்டான். பாட்டுத் தொடங்கியது. "இதுதான் உன்ர கொப்பர்," என்றான். "இதிலை எனக்குச் சந்தேகமில்லை."

அம்பிகை அட்டையை எடுத்துப் பார்த்தாள். அந்தப் படத்தை அவளுக்குத் தெரியும். அது வெளிவந்தது இரண்டாயிரத்து மூன்று தீபாவளிக்கு. புருஷன் செத்து ஆறு மாதமான நேரத்தில், ஊரெல்லாம் அந்தப் பாட்டுப் போக, அவள் சன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தவள். அவள் நிமிர்ந்து வலன்ரைனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சிவானுஜா பிளேயரில் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். பாட்டு முடிந்தது.

"இன்னொருக்கால் போடட்டோ அம்மா?"

அம்பிகை அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"போடு," என்றாள்.