காக்காவுக்குத் தெரிந்த சிங்களம்

எனக்கு எழுபத்தேழு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு நாத்தனார் விட்டுப்போனது. ஏழையும் படிக்க வைத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டில் காலேஜ் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் என் காக்கா. மூத்த அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தார், மார்க் சுமார். மதுரையில் இடம் கிடைப்பது கஷ்டம். விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகளைக் கேட்டிருந்தார்கள். தமிழ், இங்கிலீஷ் எழுதி, அதற்கடுத்து சிங்களம் என்று எழுதினார்.

“நம்ம ஜில்லாவுல வேற எவன்ம்மா இத எழுதுவான்? இதுக்காகவே கூப்பிட்டு சீட்டு குடுப்பான் பாருங்க.”

உம்மா கையேந்தி துஆ செய்தார்கள்.

யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழும்புக் கடையிலிருந்த மாமா கொடுத்தனுப்பிய அரிச்சுவடியையும், சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களையும் வைத்துக்கொண்டு, ரேடியோவில் காதை ஒட்டித் தானாகக் கற்றார். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. அவர் பேசுவது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை.

எழுதியதெல்லாம் உண்மை என்று சர்க்கார் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். கடற்கரைச் சுங்கச் சாவடிக்குத் தனியாகப் போகத் தயங்கி, சின்னப் பிள்ளையான என்னையும் கூட்டிப்போனார்.

அதிகாரி வாசித்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

“சிங்களமா? ஏலே, கள்ளத்தோணி ஏறுன பயலா நீ?”

“இல்ல சார். நானாப் படிச்சது.”

மூலையில் ஒரு சிங்கள மீனவன் குந்தியிருந்தான். காற்று அவன் படகை இங்கே தள்ளிவிட்டதாகக் கையைக் காட்டிச் சொன்னானாம். மொழி தெரிந்தவர் இன்னும் வந்து சேரவில்லை.

“நல்ல நேரத்துல வந்த. நெசமா எதுக்கு வந்தான்னு கேளு. கேட்டுச் சொல்லிட்டியன்னா இப்பவே கையெழுத்து.”

காக்கா கேட்டார். அந்த மனுஷன் முகம் மலர்ந்தது. காக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தான். நான் பெருமையாக அதிகாரியைப் பார்த்தேன்.

“என்ன சொல்றான்?”

காக்கா அவன் பிடியிலிருந்து மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டார். கன்னத்தில் வேர்வை இறங்கியது.

“உன்னத்தாம்ப்பா. என்ன சொல்றான்?”

“வெளங்கல சார்.”

“இம்புட்டு நேரம் பேசுறான், ஒண்ணுமா வெளங்கல?”

“ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் தெரியும் சார். சீட்டு கெடைக்கட்டுமேன்னு எழுதிட்டேன்.”

அதிகாரி நம்பாமல் அவரையும் மீனவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்தார். “நீ சொல்லு பாப்பா. ஒங்க அண்ணன் நெசமாவே சிங்களம் பேசுவானா?”

காக்கா என்னையே பார்த்தார். எனக்கோ அவமானம், ஆத்திரம். இத்தனை நாள் எங்களை ஏமாற்றியிருக்கிறாரே!

“எல்லாம் பொய்! வீட்டுலயும் இப்படித்தான், சும்மா வாய்க்கு வந்ததக் கத்துவாரு!”

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிங்களத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மதுரையிலிருந்து பதிலே வரவில்லை. காக்கா ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடையில் நின்றார். பொய்க்காரக் காக்கா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் ஒருநாளும் மறுக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் சொன்னார். அந்த மீனவனைக் காற்று தள்ளவில்லையாம். அக்கரையில் பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் நாலு பேரை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டவனாம். ‘என் பாஷை பேசுகிறாய், உன்னை நம்பிச் சொல்கிறேன், காப்பாற்று’ என்றானாம். காக்கா அதைச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஜெயில். நாலு வீட்டுக் கதவையும் தட்டியிருப்பார்கள். காற்றுதான் என்று சொன்னால், இவ்வளவு நேரமா அதைச் சொன்னான் என்று துருவுவார்கள். வேறு எதையாவது கட்டிச் சொன்னாலும், மொழி தெரிந்தவர் வந்ததும் வெளிப்பட்டுவிடும். கடைசியில் அவனைக் காற்றில் வந்தவன் என்றே திருப்பி அனுப்பினார்களாம்.

“நான் சொன்னத அந்த ஆளு நம்பலே. நீ சொன்னதத்தான் நம்புனாரு புள்ள,” என்று சிரித்தார்.

சரிம்மா, எழுதுனது போதும். முதல்ல இருந்து வாசி. காக்கா ‘வெளங்கல சார்’னு சொல்ற எடத்துல மட்டும் அவசரப்படாம வாசி.