முன் சீட்டில் மூன்று பேர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் பனி உருகியும் உருகாமலும் கறுத்துப்போய்த் தெருவோரங்களில் குவிந்து கிடக்கும் மார்ச் மாதம். நான் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தேன். கூட இருந்தவர், என்னைப் போலவே குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒரு அண்ணை. எனக்குப் பிளாஸ்ரிக் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவியையும் மகளையும் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டு இழுபட்டு ஒருவழியாகச் சரிவந்திருந்தது. அவர்கள் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு வந்து, விசாவோடு காத்திருந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முதல் ஒரு கார் வாங்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். இந்த நாட்டில் கார் வாங்குவது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். அண்ணையும் அப்படித்தான் கேட்டார். விஷயம் என்னவென்றால், நான் தேடிய கார் உலகத்தில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எங்களிடம் ஒரு ஏ-ஃபோர்ட்டி இருந்தது. இங்கிலாந்துக் கார். நான் பிறக்க முதலே அப்பா வாங்கியது. அந்தக் காரைச் செய்த கம்பனி கைமாறிக் கைமாறிக் கடைசியில் பெயரே இல்லாமல் போய்விட்டது. ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கல்யாணம், செத்தவீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஏ-ஃபோர்ட்டிதான். முன் சீட் பள்ளிக்கூட வாங்கு மாதிரி ஒரேயடியாக நீண்டிருக்கும். கியர் நிலத்தில் இல்லை, ஸ்டியரிங்கோடு ஒட்டியபடி இருக்கும். அதனால் முன்னுக்கு மூன்று பேர் வசதியாக இருக்கலாம். கொஞ்சம் நெருக்கினால் நாலு பேரும் இருக்கலாம். நெருக்கியும் இருந்திருக்கிறோம்.

நான் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை என்றாகி, கார் மனைவி வீட்டு வளவில் கொட்டிலுக்குள் கட்டைகளின் மேல் ஏறி நின்றுவிட்டது. வளர வளர என் மகள் அதைத் தன் வீடாக்கிக்கொண்டாள். முன் சீட்டில் நடுவில் இருந்தால்தான் சோறு இறங்கும். யார் பெரியவர்கள் வந்தாலும் இரண்டு பக்கமும் இருத்திவிட்டு, தான் நடுவில் இருப்பாளாம். இதெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் கொழும்பிலிருந்து மனைவி ரெலிபோனில் கதைத்தாள். "பிள்ளையிட்டக் குடு" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நான் என்னென்னவோ கேட்டேன். பிறகு மனைவிதான் வாங்கிக் கதைத்தாள்.

"குறை நினைக்காதேங்கோ. அவளுக்கு உங்களைத் தெரியாது. 'அப்பான்ர கார்' எண்டு உங்கட காரைத்தான் தெரியும். அதை விட்டிட்டு வாறதெண்டு வழி நெடுக அழுதவள்."

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தகப்பனைத் தெரியாது, தகப்பனின் காரைத் தெரியும் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? கார் மேல் பொறாமைகூட வந்தது. பிறகு யோசித்தேன். காரைத் தெரியும் என்றால் அந்த வழியால் போவதுதானே கெட்டித்தனம். அவள் வந்து இறங்கும்போது அப்படி ஒரு முன் சீட் உள்ள காரோடு போய் நிற்கவேண்டும். இதுதான் என் திட்டம்.

அண்ணை நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இராது. ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னோடு பழைய கார் விற்கும் இடங்களுக்கு வந்தார். நான் என்ஜினைத் திறந்து பார்க்கவில்லை, எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்கவில்லை. முன் கதவைத் திறப்பேன், நான் ஒரு பக்கம் ஏறுவேன், அண்ணையை மறுபக்கம் ஏறச் சொல்லுவேன். இரண்டு பேருக்கும் நடுவில் கையை வைத்துப் பார்ப்பேன். கியர் இருக்கும், கை பிரேக் இருக்கும், கோப்பை வைக்க ஓட்டை இருக்கும், சில்லறை போட ஒரு பெட்டி இருக்கும். ஒரு பிள்ளை இருக்க இடம் இராது. இறங்கிவிடுவேன். விற்பனைக்காரப் பெடியனுக்கு எங்களைப் பார்த்தால் என்ன தோன்றியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும்.

ஒரு இடத்தில் ஏ-ஃபோர்ட்டி மாதிரி வேணும் என்று கேட்டேன். அங்கே நின்ற பெடியன் அது ஒரு நெடுஞ்சாலையின் பெயர் என்று நினைத்து எனக்கு வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தான்.

அண்ணை பொறுமை இழந்தார். "சின்ன ஜப்பான் கார் ஒண்டை வாங்கு. எண்ணெய் குடியாது. நிப்பாட்டவும் சுகம். பிள்ளையைப் பின்னால இருத்தினா என்ன, குறைஞ்சோ போவாள்?"

"பின்னால இருத்தினா அவள் என்ர முதுகைத்தான் பாப்பாள் அண்ணை. முகத்தை எப்ப பாக்கிறது?" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஜப்பான் கார் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எனக்கு முதலே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

கார் கிடைத்தது விட்பியில். பேப்பரில் விளம்பரம் பார்த்து, ரயிலில் போய் இறங்கி, குளிரில் நடந்து அந்த வீட்டைப் பிடித்தோம். கணவனை இழந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கதவைத் திறந்தார். கராஜுக்குள் நின்றது ஒரு அமெரிக்கக் கார். நீளமென்றால் நீளம், எங்கள் பேஸ்மென்டில் பாதி வரும். நான் முன் கதவைத் திறந்து பார்த்தேன். கடும் நீல நிறத்தில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே சீட். கியர் ஸ்டியரிங்கோடு இருந்தது. எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி இருந்ததே தவிர, அச்சொட்டாக எங்கள் கார்தான். பிரிட்டிஷ் ஏ-ஃபோர்ட்டிக்குப் பதில் அமெரிக்காவில் செய்து வைத்திருக்கிறார்கள், நான்தான் தெரியாமல் சின்னக் கார்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அண்ணை சுற்றிவரப் பார்த்தார். "உது கார் இல்லை. கப்பல். எங்க கொண்டுபோய்க் கட்டப் போறாய்?"

அந்த அம்மாவுக்கு அவசரமில்லை. இவ்வளவு பெரிய கார் உனக்கு எதற்கு என்று கேட்டார். என்னுடைய அப்போதைய இங்கிலிஷில் மகளைப் பற்றிச் சொன்னேன். சொல் வராத இடங்களில் கையால் காட்டினேன். இது நான், இது மனைவி, இது நடுவில் பிள்ளை.  அவர் தானே உள்ளே ஏறி நடுவில் இருந்தார். தன் பிள்ளைகளும் இந்த இடத்துக்குத்தான் சண்டை பிடிப்பார்கள் என்றார். நடு பெல்ற்றின் கொழுக்கி இறுக்கம், சின்னக் கைக்கு வராது, நீதான் பலமாக அழுத்திப் போட்டுவிடவேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிக் காட்டித் தந்தார். கார்த் திறப்பை என் கையில் தரும்போது, பிள்ளை அந்த இடத்தில் இருப்பாள், யோசியாதே என்றார். யாரென்று தெரியாத ஒருத்திக்கு என் கவலை விளங்கியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மகள் வரும் நாள் வந்தது. காரைக் கழுவி, அண்ணை நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நசித்து, அதைப் பார்த்த வீட்டுக்காரர் என்ன ஏது என்று விசாரித்து, எல்லாம் முடித்து விமான நிலையத்துக்குப் போனேன்.

மனைவி தள்ளுவண்டியோடு வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள், அழுதாள், பிறகு திரும்பவும் சிரித்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டோடு ஒரு சின்னப் பெண். நான் குந்தியிருந்து கையை நீட்டினேன்.

"ஆரெண்டு தெரியுதோ?" என்று மனைவி கேட்டாள்.

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கனடா மாமா" என்றாள்.

அவளில் பிழையில்லை. வெளிநாட்டில் இருந்து சொக்லேற் அனுப்புகிற எல்லா ஆண்களும் அவளுக்கு மாமாதான். நான் சிரித்து மழுப்பினேன். தூக்கப் போனேன், அவள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வாங்கி வைத்திருந்த பொம்மையைத் தாயிடம்தான் கொடுக்கவேண்டியிருந்தது. கார் நிறுத்திய இடம் வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். அவள் தாயின் அந்தப் பக்கமாகவே நடந்தாள். இவ்வளவு காலமும் தாங்கிய எனக்கு அந்தச் சின்ன நடை தாங்கமுடியாமல் இருந்தது.

நான் கார்க் கதவுகளின் பூட்டைத் திறந்துவிட்டு, டிக்கிக்குள் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினேன். மனைவி ஊர்ப் பழக்கத்தில் இடது பக்க முன் கதவைத் திறந்தாள். அங்கே அந்தப் பக்கம்தானே அவளுடைய இடம். திறந்த பிறகுதான் ஸ்டியரிங் எதிரில் நிற்பதைக் கண்டாள்.

"இஞ்சருங்கோ, என்னையே ஓடச் சொல்லுறியள்?" என்று சிரித்தாள்.

நான் டிக்கியைப் பூட்டிவிட்டு மற்றப் பக்கம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் மகள் தாயின் கைக்குக் கீழால் புகுந்து உள்ளே ஏறிவிட்டாள். ஸ்டியரிங்கைத் தாண்டி, சீட்டில் வழுக்கிக்கொண்டு போய், நடுவில் நின்றாள். முன்னும் பின்னும் பார்த்தாள். சீட்டைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு காலை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, இஞ்சயும் என்ர இடம் இருக்கு" என்றாள்.

நான் காருக்கு வெளியே குளிரில் நின்றபடி அதைக் கேட்டேன்.  பேசினால் குழம்பிவிடுவாளோ என்ற பயம். மனைவி வலது பக்கமாகச் சுற்றிப் போய் ஏறினாள். நான் இடது பக்கம் ஏறினேன். நடு பெல்ற்றை அவள் தானே போடப் பார்த்தாள், கொழுக்கி வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். விட்பி அம்மா காட்டித் தந்தபடி நான் அழுத்திப் போட்டுவிட்டேன். அவள் விலகவில்லை.

வெளியே போகும் வழியில் காசு கட்டுவதற்குக் கார்கள் வரிசையாக நின்றன. நாங்களும் நின்றோம். மகளுக்குக் கார் நிற்பது பழக்கம்தான், அவள் அறிந்த கார் ஒருநாளும் ஓடியதில்லை. கையிரண்டையும் வாயில் குவித்து, "பாம், பாம்" என்றாள். கொட்டிலுக்குள் பற்றரி இல்லாத காரில் ஹோர்ன் எப்படி அடிக்கும்? அவள்தான் அதன் ஹோர்ன். வாயால் அடித்து அடித்தே எத்தனை ஊருக்கு ஓடியிருப்பாளோ தெரியாது.

எனக்கு என்ன வந்ததோ, ஸ்டியரிங் நடுவில் கையை வைத்து அழுத்தினேன். கப்பலுக்கு ஏற்ற ஹோர்ன். கார் தரிப்பிடத்தின் கூரைக்குக் கீழே அது எட்டுத் திக்கும் எதிரொலித்தது. பிள்ளை திடுக்கிட்டாள். என் கையைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தன் இடம் உள்ள கார் உண்மையாகவே கூப்பிடும் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"சும்மா இருங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாள் மனைவி.

"அப்பா, இன்னொருக்கா" என்றாள் மகள்.

இந்த நாட்டில் ஹோர்ன் அடிப்பது ஒருவரை முகத்துக்கு நேரே திட்டுவதற்குச் சமம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இன்னொருக்கா அடித்தேன்.

முன்னால் நின்ற காரின் கதவு திறந்தது. ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மனிதர் இறங்கி எங்களை நோக்கி வந்தார். சரி, வந்த அன்றே குடும்பத்துக்கு முன்னால் அடி வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். முன் சீட்டில் மூன்று பேர். ஒருத்தி சேலையோடு, ஒருத்தி வாயில் கை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். பிரச்சினை இல்லை, என் மகள் இன்றைக்குத்தான் வந்தாள், என்னை இப்போதுதான் அப்பா என்று கூப்பிட்டாள் என்றேன். அவர் மகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். தன் காருக்குத் திரும்பிப் போய்க் கதவைப் பூட்டினார்.

பிறகு அவரும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

மகள் வாயால் பதில் சொன்னாள். நான் காரால் பதில் சொன்னேன். காசு வாங்குகிற பெட்டிக்குள் இருந்த பெண் தலையை வெளியே நீட்டி, இன்றைக்கு எல்லோருக்கும் என்ன பிடித்துவிட்டது என்பதுபோலப் பார்த்தாள். 401 நெடுஞ்சாலையில் ஏறும் வரைக்கும் மகள் என் கையைப் பிடித்து ஹோர்னில் வைத்துக்கொண்டே இருந்தாள். பேஸ்மென்ட் வாசலில் காத்திருந்த அண்ணை எங்களைக் காண முதலே எங்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டார். "கப்பல் துறைமுகத்துக்கு வந்திட்டுது" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிகளைத் தூக்கப் போனார். அவருடைய பிள்ளைகளுக்கு விசா கிடைக்க இன்னும் காலம் இருந்தது. அவர்கள் வந்த நாளில் அந்தக் கப்பலில்தான் கூட்டிவந்தோம்.

அந்தக் காரைச் சில பனிக்காலம் ஓடினோம். உப்புத் தின்று அடிப்பக்கம் கழன்று விழத் தொடங்கியதும் விற்கவேண்டி வந்தது. இப்போது வரும் கார்களில் முன் சீட் தனித்தனி. நடுவில் அதே பெட்டி, அதே கோப்பை ஓட்டை. மகள் இப்போது பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிறாள், அவளுடைய காரும் அப்படித்தான். அதைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை, அந்த இடம் எனக்குத் தேவைப்பட்டபோது கிடைத்துவிட்டது. ஆனால் தெருவில் எங்கேயாவது ஒரு ஹோர்ன் சத்தம் கேட்டால், மற்றவர்கள் யாரோ திட்டுகிறார்கள் என்று முகம் சுளிக்கும்போது, எனக்கு மட்டும் இன்றைக்கும் யாரோ அப்பா என்று கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.